அங்கே கை தட்டும் வாத்தியாருக்கு

விமான் நகர், புனே
அக்டோபர் 9

அறுபத்தொரு வயதில் அயல்நாட்டுப் பள்ளிக்கூட வாத்தியாராகிவிட்ட என் கணவருக்கு, பாலாம்பாள் நமஸ்காரம் செய்து எழுதுவது.

இங்கே நான் சௌக்கியம் என்று அடுத்த வரியில் எழுத வேண்டும். எழுத வரவில்லை. பிரஷர் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, கோபம்தான் இறங்க மாட்டேன் என்கிறது.

வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் உங்களோடு பேச முடியவில்லை. கரண்ட் பில், என் முழங்கால் வலி, நீங்கள் அங்கே சாப்பிடும் சோற்றின் குழைவு, இதையெல்லாம் பேசும்போது கம்போடியாவில் சிக்னல் பிரமாதமாக இருக்கிறது. நம் பெண் பேச்சை எடுத்து, வைஷு என்று நான் வாயைத் திறந்ததும் போய்விடுகிறது. நானும் நாலைந்து தடவை கவனித்துவிட்டேன். அதனால்தான் தாளில் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுசாகப் படியுங்கள்.

முதலில் ஊர்ச் செய்தி. நம் சொஸைட்டி க்ரூப்பில் உங்கள் போட்டோவைப் போட்டிருக்கிறார்கள். கீற்றுக் கொட்டகையில், கரும்பலகைக்கு முன்னால், அரைக்கை சட்டையில் நிற்கிறீர்களே, அதுதான். ரிட்டயர் ஆன பிறகு காசு வாங்காமல் ஏழைக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பத்ரிநாதன் சாருக்கு வணக்கம் என்று நூறு பேர் கை கூப்பியிருக்கிறார்கள். லிஃப்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் நீங்கள் ரொம்பக் கொடுத்துவைத்தவர் ஆன்ட்டி என்கிறார்கள். நானும் தலையை ஆட்டி ஆட்டி எனக்குக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். எதிர் வீட்டு ஆரோக்கியமேரி மட்டும்தான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கிண்ணத்தில் மீன் இல்லாத குழம்பு கொண்டு வந்து கொடுத்துவிட்டு, சார் தீபாவளிக்கு வந்துவிடுவாரா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்படியா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மிலிட்டரி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். எங்கே வலிக்கிறது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வருஷம் நம் பெண்ணுக்குத் தலைதீபாவளி. நமக்கு இருப்பது ஒரே பெண். ஆகவே நம் வீட்டில் தலைதீபாவளி என்பது இந்த ஒரு தடவைதான். அதற்குப் பெண்ணின் அப்பா ஊரில் இல்லை, நாட்டிலேயே இல்லை.

ஜூன் மாதமே முடிவான விஷயம், அவர்கள் கொடுத்த தேதி இது, நான் என்ன செய்யட்டும் என்கிறீர்கள். உங்களை அனுப்பிய அந்தத் தொண்டு நிறுவனத்தின் இணையப் பக்கத்தை நானும் பார்த்தேன். ஜனவரியில் சேரலாம், மார்ச்சில் சேரலாம், ஜூலையில் சேரலாம் என்று போட்டிருக்கிறது. விஜயதசமிக்கு மறுநாள்தான் கிளம்ப வேண்டும் என்று அங்கே யாரும் எழுதவில்லை.

நேற்று சம்பந்தியம்மா சுமன்தாயி சாதாராவிலிருந்து போன் செய்தார். அவர்களுக்கும் முதல் தீபாவளிக்குப் பெண் வீட்டுக்கு மாப்பிள்ளையை அழைப்பது பெரிய விஷயம். திவாள்சண் என்று தனியாகப் பெயரே வைத்திருக்கிறார்கள். நிலேஷை எத்தனை மணிக்கு அனுப்ப வேண்டும், உங்கள் பக்கம் வழக்கம் என்ன, அவனுக்கு ஒன்றும் தெரியாதே என்று ஆசை ஆசையாகக் கேட்டார். பிறகு, வ்யாஹி, அதாவது சம்பந்தி, எங்கே, ஒரு நிமிஷம் அவரோடும் பேசட்டுமா என்றார். நான் என் அரைகுறை மராட்டியில், அங்கே பள்ளிக்கூடத்தில் அவசரமாகக் கூப்பிட்டுவிட்டார்கள் என்றேன். அப்புறம் அவர், நல்ல காரியம்தானே, வித்யாதானம்தானே என்றார். அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை.

எதற்காகப் போனீர்கள் என்று எனக்குத் தெரியும். நிலேஷுக்கு எதிரே உட்கார்ந்து பேச வேண்டுமே என்றுதான்.

ஜாதி வேறு, சாப்பாடு வேறு, போஸரியில் லேத் பட்டறை வைத்திருக்கிற பையன் என்றெல்லாம் ஒரு வருஷம் சண்டை போட்டோம். அதை நீங்களே ஒருவழியாக முடித்து, கன்னிகாதானமும் செய்துகொடுத்தீர்கள். அன்று சாயந்திரம்தான் வந்தது வினை. நிலேஷ் மராட்டி மீடியத்தில் படித்தவர். தமிழ் தெரியாது, நம் மனிதர்களுக்கு மராட்டி தெரியாது என்று, நம் எல்லாருக்காகவும் இங்கிலீஷில் நாலு வரி மனப்பாடம் செய்துகொண்டு வந்து மைக்கைப் பிடித்தார். ஐ ஆம் வெரி ஹாப்பினெஸ் டுடே என்றார். பக்கத்தில் நின்ற நீங்கள், ஹாப்பி என்றீர்கள். அவரும் ஹாப்பி என்றார். யுவர் டாட்டர் இஸ் மை ரெஸ்பான்சிபிள் என்றார். ரெஸ்பான்சிபிலிடி என்றீர்கள். ஐ வில் நாட் கிவ் சான்ஸ் ஃபார் கம்ப்ளெய்ன் என்று அவர் தொடங்கியதும், கம்ப்ளெய்ன்ட் என்றீர்கள். அது மைக்கிலேயே கேட்டது. நம் பக்கத்து நாற்காலிகளில் யாரோ சிரித்தார்கள். அவர் மைக்கை அலங்காரம் செய்கிறவர் கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து அவர் உங்கள் எதிரில் ஆமாம், இல்லை தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னோடு ஹிந்தியில் பட்டறைக் கதை, லேபர் கதை எல்லாம் பேசிக்கொண்டே இருப்பவர், உங்கள் செருப்புச் சத்தம் கேட்டால் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பதும் எனக்குத் தெரியும். மன்னார்குடியில் தமிழில் படித்துவிட்டு பாங்க் வேலைக்கு இந்த ஊருக்கு வந்தபோது உங்களைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தர் கூட இது தப்பு, இப்படிச் சொல் என்று திருத்தவில்லை. திருத்துவதுதான் ஒருவனுக்குச் செய்யும் உபகாரம் என்று அன்றே முடிவு கட்டிவிட்டீர்கள். சரி. கல்யாண மேடையிலா உபகாரம் செய்வது?

இன்னும் நாள் இருக்கிறது. டிக்கெட்டை மாற்றினால் தீபாவளிக்கு முதல் நாள் வந்துவிடலாம். எங்கே போனாலும் ஏர்போர்ட்டுக்குப் பக்கத்து வீடு என்று பெருமைப்படுவீர்களே, ஒரு ரிக்‌ஷா பிடித்தால் வீடு. வந்து அந்தப் பையன் கையில் வேஷ்டியைக் கொடுத்துவிட்டு, வேண்டுமானால் மறுபடி போங்கள்.

அங்கே கொசு அதிகமாமே. வலை கட்டிக்கொள்ளாமல் படுக்காதீர்கள்.

இப்படிக்கு,
நீங்கள் வருவீர்கள் என்று வேஷ்டி வாங்கிவைத்திருக்கும்
பாலா


விமான் நகர்
அக்டோபர் 24

அன்புள்ள உங்களுக்கு, பாலா எழுதுவது.

நீங்கள் வரவில்லை. அதைப் பற்றி இனி எழுதிப் பிரயோஜனமில்லை. தீபாவளி எப்படி நடந்தது என்று மட்டும் எழுதுகிறேன். எல்லாம் நன்றாகத்தானே நடந்தது, வைஷு ஏன் போனை எடுக்க மாட்டேன் என்கிறாள் என்று நேற்று ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேட்டீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதல் நாள் ராத்திரி வருகிறேன் என்ற மாப்பிள்ளை வழக்கம்போல லேட்டாகத்தான் வந்தார். பட்டறையில் பூஜை, லேபருக்குப் பட்சணம், போனஸ் என்று ஆயிரம் காரணம். அவரிடம் எனக்குப் பிடிக்காதது இதுதான், நேரம் என்பதே கிடையாது. ஆனால் ஆகாச கந்தீல் என்று ஒரு பெரிய காகித விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்து, நாற்காலி மேல் ஏறி, பால்கனியில் தானே கட்டினார். கீழே ரோட்டிலிருந்து பார்த்தால் நம் வீடுதான் தெரிகிறதாம். ஆரோக்கியமேரி சொன்னாள்.

விடிகாலையில் மனை போட்டு உட்கார வைத்துத் தலையில் எண்ணெய் வைத்தேன். அவருக்கு உச்சந்தலையில் கை பட்டாலே கூச்சம். சின்னப் பிள்ளை மாதிரி நெளிந்துகொண்டு சிரித்தார். குளிப்பதற்கு முன்னால் அவர்கள் வழக்கம் ஒன்று உண்டாம். காரீட் என்று கோலிக்குண்டு மாதிரி ஒரு கசப்புக் காய். அதை வாசலில் வைத்து இடது கால் கட்டைவிரலால் நசுக்க வேண்டும். நரகாசுரனாம். வைஷுவையும் நசுக்கச் சொன்னார், என்னையும் சொன்னார். நானும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நசுக்கினேன். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்து ஒரு நாள் செய்ததில்லை.

வேஷ்டியை நான்தான் கொடுத்தேன். மாமனார் கொடுக்க வேண்டியதை மாமியார் கொடுப்பது எந்த ஊர் வழக்கம் என்று எனக்குத் தெரியாது. அவர் வாங்கிக்கொண்டு என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். கட்டத் தெரியவில்லை. வைஷு சுற்றி, மேலே பெல்ட் போட்டு இறுக்கினாள். தீபாவளி மருந்தை இனிப்பு என்று நினைத்துப் பெரிய உருண்டையாக வாயில் போட்டுக்கொண்டு அவர் பட்ட பாட்டில் வைஷு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் நம் வீட்டில் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சரி, இந்த மனிதர் வராவிட்டால் போகட்டும், பெண் சந்தோஷமாக இருக்கிறாளே என்று எனக்கும் மனசு ஆறிவிட்டது.

அப்போதுதான் நீங்கள் வீடியோவில் வந்தீர்கள்.

தனியாக வந்திருக்கக் கூடாதா? பின்னால் ஒரு வகுப்பே நிற்கிறது. எல்லாக் குழந்தைகளும் கத்துகின்றன, ஹாப்பி திவாலி, ஹாப்பி திவாலி என்று. சரி, நன்றாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. அப்புறம் முன்வரிசையிலிருந்த ஒரு பெண் குழந்தையை, முன்பல் இல்லாத குழந்தை, முன்னால் கூப்பிட்டு என்னோடு பேசச் சொன்னீர்கள். அது என்னைப் பார்த்து, ஹலோ டீச்சர் ஒய்ஃப், யூ இஸ் பியூட்டிஃபுல் என்றது.

யூ இஸ். உங்கள் காதில் விழுந்ததா இல்லையா? நான் அப்படியே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், இப்போது திருத்தப் போகிறார் என்று. நீங்கள் கை தட்டினீர்கள். வெரி குட், வெரி குட், எக்ஸலண்ட் என்றீர்கள். முகமெல்லாம் சிரிப்பு. நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகு காலமாகிறது.

நான் திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளை எழுந்து பால்கனிக்குப் போய்க்கொண்டிருந்தார். வைஷு சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசு என்று போனை நீட்டினேன். கை ஈரம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள், பையை எடுத்துக்கொண்டுதான் வெளியே வந்தாள். இரண்டு நாள் தங்குவதாக வந்தவர்கள், மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட இருக்கவில்லை. பாயசம் அப்படியே இருந்தது. மாப்பிள்ளை லிஃப்ட் வாசலில் நின்று, "ஆயீ, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்" என்று ஹிந்தியில் சொன்னார். நான் அவர்கள் வீட்டு மனிதர்களைச் சமாதானம் செய்ய வேண்டியது போய், அவர் என்னைச் சமாதானம் செய்கிறார்.

ஊர் பேர் தெரியாத குழந்தை தப்பாகச் சொன்னால் கை தட்டத் தெரிகிறது. நம் வீட்டுக்கு வந்த பிள்ளை தப்பாகச் சொன்னால் மைக்கில் திருத்தத் தெரிகிறது. இதைப் பார்த்துக்கொண்டு அவர் எப்படி உட்கார்ந்திருப்பார்? புருஷனுக்காகத்தான் அவளும் கிளம்பிப் போய்விட்டாள். இரண்டு பேருக்கும் நான் எந்த முகத்தோடு போன் செய்வது?

இதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள் உண்டாக்கியது, நீங்கள்தான் சரி செய்ய வேண்டும். மாப்பிள்ளையோடு பேசுங்கள். உங்கள் இலக்கண சுத்த இங்கிலீஷில் வேண்டாம், மனுஷன் மனுஷனோடு பேசுகிற மாதிரி பேசுங்கள்.

அந்தக் குழந்தைக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல்லுங்கள். அதன் மேல் எனக்குக் கோபமில்லை. என்னைப் பார்த்து அழகு என்று சொன்னவர்கள் இந்த வீட்டில் குறைவு.

பாலா


விமான் நகர்
டிசம்பர் 21

என் பிரியத்துக்கும் எரிச்சலுக்கும் உரிய உங்களுக்கு, பாலாவின் நமஸ்காரம்.

மார்கழிக் குளிர் வந்துவிட்டது. காலையில் பால்கனிக் கதவைத் திறக்க முடியவில்லை. அங்கே நீங்கள் வேர்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கிறிஸ்துமஸுக்குக் குழந்தைகளை வைத்து நாடகம் போடுகிறேன், புது வருஷத்துக்கு விழா வைத்திருக்கிறோம், அதனால் ஜனவரி முதல் வாரம் திரும்புவதாக இருந்ததைப் பிப்ரவரிக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன் என்று செய்தி அனுப்பியிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி. மாப்பிள்ளை விஷயம் முடிந்துவிட்டது, கவலைப்படாதே என்று.

எப்படி முடிந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் இந்த வீட்டில் யார்?

போன வாரம் நிலேஷ் ஒரு மூட்டை சாதாரா வேர்க்கடலையோடு தனியாக வந்தார். டீ போட்டுக் கொடுத்துவிட்டு, உங்கள் மாமனார் மேல் இன்னும் கோபமா என்று நானே கேட்டுவிட்டேன். என்ன கோபம், பாபா அப்போதே போன் செய்து ஸாரி சொல்லிவிட்டாரே, இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுகிறோமே என்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் இங்கே தினமும் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

அவரே எல்லாவற்றையும் சொன்னார். முதலில் நீங்கள் இங்கிலீஷில் ஆரம்பித்தீர்களாம். அப்புறம் ஹிந்திக்கு மாறினீர்களாம். அங்கே பயிற்சி கொடுத்த இருபத்தைந்து வயதுப் பெண், குழந்தை பேசும்போது குறுக்கே திருத்தாதீர்கள், முதலில் பேச விடுங்கள் என்று சொல்லிக் கொடுத்தாளாம். அதற்குப் பிறகு உங்களுக்குக் கல்யாண மேடை ஞாபகம் வந்து தூக்கம் வரவில்லையாம். இதைத் தெரிந்துகொள்ளக் கடல் தாண்டிப் போக வேண்டியிருந்ததா? முப்பத்து நாலு வருஷமாக நான் பேசும்போது குறுக்கே வராதீர்கள் என்று நான் சொன்னதும் இதைத்தானே?

நிலேஷுக்கு உண்மையிலேயே மனசில் ஒன்றுமில்லை. மேடையில் அன்று வெட்கமாக இருந்தது நிஜம், பெரியவர் அவ்வளவு தூரத்திலிருந்து கூப்பிட்டு ஸாரி சொன்ன பிறகு அதையே பிடித்துக்கொண்டிருப்பதா என்றார். தீபாவளியன்று பால்கனிக்குப் போனது கந்தீல் கயிறு அவிழ்ந்து காற்றில் ஆடியதாலாம். அந்தக் குழந்தை பேசியதைக் கேட்டு அவர் சிரித்தாராம். யூ இஸ் என்று அது தப்பாகச் சொன்னதே அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லி அதற்கும் சிரித்தார்.

அப்படியானால் வைஷு ஏன் வருவதில்லை என்று கேட்டேன். அவர் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் தெரியவில்லை ஆயீ, நீங்களே வந்து கேளுங்கள் என்றார்.

மறுநாளே ரிக்‌ஷா பிடித்து, விஷ்ராந்த்வாடி வழியாக அந்த டிராஃபிக்கில் இடுப்பு ஒடியப் போஸரிக்குப் போனேன். வைஷு வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ மீட்டிங். வெள்ளைக்காரர்களோடு அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தேன். எத்தனை அழகான இங்கிலீஷ்! நீங்கள் கேட்டிருந்தால் பூரித்துப்போயிருப்பீர்கள். ஒரு தப்பு இருக்காது.

அவள் வந்து உட்கார்ந்ததும் நான் பொரிந்து தள்ளிவிட்டேன். மாப்பிள்ளையே மறந்துவிட்டார், அப்பா மன்னிப்புக் கேட்டாயிற்று, உனக்கு மட்டும் என்ன வீம்பு, அவருக்காகத்தானே அன்று சாப்பிடாமல் கிளம்பினாய் என்றேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு, நிலேஷுக்காக இல்லேம்மா என்றாள்.

அவள் சொன்னதை அவள் வாயால் சொன்னபடியே எழுதுகிறேன். இதை என் வார்த்தையில் மாற்ற எனக்கு உரிமையில்லை.

"அந்தக் கொழந்தைக்கு அப்பா கை தட்டினார் பாரு, எனக்கு ஒரு தடவையாவது அப்படித் தட்டியிருக்காரா? டைனிங் டேபிள்ல ஸ்கேலை வச்சுண்டு உக்காருவார். நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அவர் முகம் சுளிக்க ஆரம்பிச்சுடும். இன்னிக்கும் மீட்டிங்ல பேசறதுக்கு முன்னாடி மனசுக்குள்ள ஒரு தடவை சொல்லிப் பார்த்துட்டுத்தான் பேசறேன். ஒவ்வொரு வாக்கியமும்."

அவள் இன்னொன்றும் சொன்னாள்.

"நிலேஷை எனக்கு ஏன் பிடிச்சுது தெரியுமா? அவர் தப்புத் தப்பா பேசிண்டே போவார், நிறுத்தவே மாட்டார். அப்படி ஒருத்தரால இருக்க முடியுமான்னு பார்த்துண்டே இருப்பேன். அவரையும் அப்பா மைக்கை வச்சுட்டுப் போய் உக்கார வச்சுட்டார்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கை கால் ஓடியிருக்கும், கட்டிக்கொண்டாவது இருந்திருப்பேன். லாப்டாப்பில் அடுத்த மீட்டிங்குக்கு மணி அடித்தது. எழுந்து போய், கதவைச் சாத்திக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் அவள் இங்கிலீஷைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. அது கவனித்தால்தான் தெரியும். இத்தனை நாள் அதை நிதானம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே எந்த விஷயமும் முடியவில்லை. நீங்கள் தப்பான ஆளிடம் ஸாரி சொல்லிவிட்டு நிம்மதியாக நாடகம் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். தப்பான ஆள் என்றும் சொல்ல முடியாது, அவரிடமும் சொல்ல வேண்டியதுதான். ஆனால் சொல்லி முடித்தாயிற்று என்று கணக்குப் பண்ணாதீர்கள்.

அங்கே குழந்தைகளுக்கு வாத்தியார் இல்லை, நான் வந்துவிட்டால் வகுப்பு நின்றுவிடும் என்று எழுதுவீர்கள். எனக்கும் அந்தக் குழந்தைகளை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. நீங்கள் அங்கே நல்ல வாத்தியாராக இருக்கிறீர்கள் என்பதை நான் இல்லையென்று சொல்லவில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. அந்த நல்ல வாத்தியார் இந்த வீட்டில் ஒரு நாள் இருந்திருக்கக் கூடாதா? பிப்ரவரி வரைக்கும் இன்னொரு ஆளை அனுப்பச் சொல்லி அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். உங்களைப்போல வீட்டை விட்டு ஓடிப்போக நினைக்கிற ரிட்டயர்ட் மனிதர்கள் இந்த ஊரிலேயே நிறையப் பேர் இருப்பார்கள்.

பொங்கலும் சங்கராந்தியும் ஒரே நாளில் வருகின்றன. மருமகளுக்கு முதல் சங்கராந்தி என்று சுமன்தாயி அவர்கள் வழக்கப்படி கறுப்புப் புடவையும், சர்க்கரை மிட்டாயில் கோத்த நகையும் எடுத்துக்கொண்டு சாதாராவிலிருந்து வருகிறார். மூன்று பேரையும் நம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருக்கிறேன். நிலேஷ் வருகிறேன் என்றார். சுமன்தாயி நிச்சயம் வருவார். வைஷு பார்க்கலாம் என்றாள்.

நீங்கள் வந்து அவளிடம் என்ன பேசுவது என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. எதையும் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு வராதீர்கள். விளக்கம் சொல்லாதீர்கள், மன்னார்குடியிலிருந்து வந்து நீங்கள் பட்ட கஷ்டத்தைச் சொல்லாதீர்கள், அது அவளுக்குத் தெரியும். இப்போது போய்க் கை தட்டவும் வேண்டாம், அந்த வயசு அவளுக்குத் தாண்டிவிட்டது. அவள் பேசினால் பேசி முடிக்கும் வரை உட்கார்ந்திருங்கள். அவள் பேசாவிட்டாலும் உட்கார்ந்திருங்கள். இடையில் எழுந்து சிக்னல் தேடிப் போகாதீர்கள்.

அன்று போஸரியிலிருந்து நான் கிளம்பும்போது வைஷு வாசல் வரை வந்தாள். செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அப்பா எப்போம்மா வரார் என்று கேட்டாள். தெரியலையே, பிப்ரவரின்னு சொல்றார் என்றேன். என் மேல் பாய்ந்துவிட்டாள். "பிப்ரவரியா? நீ ஏம்மா சரின்னு கேட்டுண்டு இருந்தே, முன்னாடியே வரச் சொல்ல வேண்டியதுதானே?" என்று கத்தினாள். அப்பாவும் பெண்ணும் உங்கள் கோபத்தையெல்லாம் என் தலையில்தான் கொட்டுவீர்கள்.

அதனால் நானும் சொல்லிவிட்டேன், பொங்கலுக்குள் வந்துவிடுங்கள். பகவான் உங்களை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். தேதியை எனக்கு அனுப்ப வேண்டாம். அவளுக்கு அனுப்புங்கள்.

பாலா